விலை உயர்ந்த ரைஃபிளை வாங்கிய பிறகு நான் கற்றுக்கொண்டவை

என்னிடம் ஒரு ஸ்கோர் நோட்டு இருக்கிறது. 60 ஷாட் முழுதாகச் சுட்ட ஒவ்வொரு நாளும் தேதியோடு ஸ்கோரை அதில் எழுதி வருகிறேன். கிளப் ரைஃபிளில் சுட்ட கடைசி 3 மாதங்களின் சராசரி 536. புது ரைஃபிள் வந்த பிறகு முதல் 3 மாதங்களின் சராசரி 529. இரண்டே கால் வருடம் சேர்த்த பணத்தையும், அது போதாமல் வாங்கிய கடனையும் கொட்டி வாங்கிய ரைஃபிள் அது. அந்த இரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்றைக்குக் கடனுக்காக வருத்தமில்லை. யாரிடமும் கேட்காமல் இதைச் செய்தேனே என்பதுதான் உறுத்தியது. நான் தேடிக்கொண்டிருந்த சமயத்தில் இப்படி ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால் நான் எழுதுகிறேன்.

நான் சுடுவது 10 மீட்டர் ஏர் ரைஃபிள். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் கணக்குக்கு இது வேண்டும். 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டை நின்றபடி 10 மீட்டர் தூரத்திலிருந்து சுட வேண்டும். டார்கெட்டின் நடுவில் இருக்கும் 10 என்பது வெறும் 0.5 மில்லிமீட்டர் புள்ளி. பெல்லட் அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10 கிடைக்கும். அதாவது பெல்லட்டின் மையம் டார்கெட் மையத்திலிருந்து இரண்டரை மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும். அதற்குள்ளும் 10.0 முதல் 10.9 வரை தசமப் புள்ளிகள் உண்டு. 10.9 வேண்டுமென்றால் கால் மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும். 60 ஷாட்டுக்கு முழு மதிப்பெண் 654. எலக்ட்ரானிக் டார்கெட்டில் 60 ஷாட்டுக்கும் சேர்த்து 75 நிமிடம்.

வாங்கும் எண்ணம் வந்தது ஒரு தோல்வியால்தான். ஒரு தகுதிப் போட்டியில் 4 புள்ளியில் வெளியே வந்தேன். எனக்குப் பக்கத்து லேனில் நின்ற பெண் அலுமினிய ஸ்டாக் (தோளிலும் கையிலும் தாங்கும் உடல்பகுதி) வைத்த புத்தம் புது ரைஃபிளில் சுட்டு உள்ளே போனாள். என் கையில் இருந்தது பத்துப் பேர் மாறி மாறிச் சுடும் கிளப் ரைஃபிள். ஸ்டாக்கில் கீறல், கன்னம் வைக்கும் சீக் பீஸில் யாரோ ஒட்டிய டேப். 4 புள்ளி எங்கே போனது என்று யோசித்தபோது பதில் கண்முன்னே இருப்பதுபோலத் தோன்றியது. நான் 3 வருடமாக வாரம் நான்கு நாள் பயிற்சி செய்கிறேன், ஒழுங்காகத்தான் செய்கிறேன், ஆகவே குறை கருவியில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன். கோச் வாரம் ஒருமுறை வருவார். அவரைச் சுற்றி எப்போதும் பிள்ளைகள் நிற்பார்கள். முப்பத்தாறு வயதில் ஆரம்பித்த நான் போய் இதைக் கேட்கக் கூச்சப்பட்டேன். அந்தக் கூச்சத்துக்குக் கொடுத்த விலை பெரிது.

அப்புறம் ராத்திரி ராத்திரியாகப் படிப்பு. ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷூட்ஸ், ஸ்டெயர் என்று எல்லா நிறுவனங்களின் விவரங்களையும் மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்குப் படித்தேன். எல்லாவற்றோடும் ஒரு டெஸ்ட் கார்டு வரும். தொழிற்சாலையில் ரைஃபிளைக் கிளாம்பில் பூட்டி 10 மீட்டரில் சுட்ட அட்டை அது. பல குண்டுகள் போன அட்டையில் ஒரே ஓட்டைதான் தெரியும். அதைப் பார்க்கும் எவருக்கும் ஆசை வரும். நான் அந்த அட்டையைப் பார்த்துத்தான் வாங்கினேன். அந்த அட்டையில் சுடுபவர் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ரைஃபிள் வந்தது. முதல் வாரம் சந்தோஷம். இரண்டாவது வாரத்திலிருந்து ஸ்கோர் கீழே. கிளப் ரைஃபிளின் எடை 4.1 கிலோ, இது 4.8. விதிப்படி 5.5 வரை போகலாம், ஆகவே எடை தப்பில்லை. ஆனால் என் முதுகுக்கு அது புதிது. ட்ரிகரை இழுக்கத் தேவையான எடை 50 கிராமில் வைத்து வந்திருந்தது. ஏர் ரைஃபிளில் ட்ரிகருக்குக் குறைந்தபட்ச எடை என்று விதி கிடையாது, லேசாக இருந்தால் நல்லது என்று எங்கோ படித்ததை நம்பி அப்படியே விட்டேன். விரல் வைத்ததும் ஷாட் போய்விடும். நான் தயாராகும் முன்பே பெல்லட் டார்கெட்டில் இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று 7 விழ ஆரம்பித்தது. இரண்டு மூன்று 7 விழுந்தாலே நாள் முடிந்துபோகும்.

இந்த இடத்தில் நான் செய்த தப்பைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு விலை கொடுத்த பொருளைச் சந்தேகப்படவும் மனம் வரவில்லை, என்னைச் சந்தேகப்படவும் மனம் வரவில்லை. அதனால் நடுவில் இருந்த ஒவ்வொன்றையும் சந்தேகப்பட்டேன். முதலில் பெல்லட். விலை அதிகமான மேட்ச் பெல்லட்டில் 500 அடங்கிய டப்பா 12 வாங்கினேன், ஒரு டப்பாவைக்கூடச் சோதிக்காமல். பெல்லட் தலையின் அளவு 4.49, 4.50 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் வரும். ஒரு பேரலுக்கு எது ஒத்துப்போகும் என்பது சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஒரே பெயர், ஒரே அளவு என்றாலும் தயாரித்த பேட்ச் மாறினால் முடிவு மாறும். என் ரைஃபிளுக்கு அந்த 12 டப்பாவைவிட, பாதி விலையில் கிடைக்கும் இன்னொன்று நன்றாகச் சேர்ந்தது என்று ஆறு மாதம் கழித்துத் தெரிந்துகொண்டேன். பெல்லட் வாங்குபவர்கள் நாலைந்து வகையில் ஒவ்வொரு டப்பா வாங்கி, கிளாம்பில் சுட்டு, நன்றாக வருகிற பேட்ச் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் மொத்தமாக வாங்குங்கள். இந்த ஒரு வரியை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் ஒரு நல்ல ஷூட்டிங் ஷூவுக்கான பணம் மிஞ்சியிருக்கும்.

அடுத்தது பின் சைட்டில் கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் பொருத்துகிற, வண்ணக் கண்ணாடிகளும் சுருக்கி விரிக்கும் துளையும் கொண்ட ஐரிஸ். அதுவும் ஸ்கோரை அசைக்கவில்லை. கடைசியாக ரைஃபிளிலேயே கோளாறு என்று தீர்மானித்து சர்வீஸுக்கு அனுப்பினேன். ஆறு வாரம். போக வர அனுப்பும் செலவு என்னுடையது. ‘குறை எதுவும் இல்லை’ என்று ஒரு வரி எழுதித் திரும்பி வந்தது. அந்த ஆறு வாரத்தில் கிளப் ரைஃபிளைத் தொடவே இல்லை, கோபம். பயிற்சி அறுந்துபோனது. சர்வீஸ் எங்கே, எத்தனை நாள், சீல் மாதிரி தேயும் பாகங்கள் கிடைக்குமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் கேட்கவேண்டும் என்பதும் அப்போதுதான் புரிந்தது. உரிமம், பதிவு விஷயங்களும் அப்படியே. சட்டம் இடத்துக்கு இடம் மாறும், முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் ரேஞ்சில் மூத்த ஷூட்டர் ஒருவர் இருக்கிறார். அதிகம் பேசமாட்டார். சர்வீஸிலிருந்து திரும்பி வந்த ரைஃபிளோடு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பக்கத்தில் வந்தார். “என்னம்மா, துப்பாக்கிக்கு ஒண்ணும் இல்லேன்னு சொல்லிட்டாங்களா?” என்றார். ஆமாம் என்றேன். “நீ நம்பலே, இல்லையா?” என்று கேட்டுவிட்டு, ஸ்டோர் ரூமிலிருந்து கிளாம்பை எடுத்து வந்து மேஜையில் பூட்டினார். என் ரைஃபிளில் 10 ஷாட். ஓட்டையின் வெளி விளிம்பை வெர்னியரில் (நுண்ணிய அளவுகோல்) அளந்தோம், 5.9 மில்லிமீட்டர். பெல்லட்டே நாலரை என்பதால், மிகத் தள்ளி விழுந்த இரண்டு பெல்லட்டுகளின் மையங்களுக்கு நடுவே 1.4 மில்லிமீட்டர்தான். எனக்கு நிம்மதி. அதற்குப் பிறகு அவர் எதுவும் சொல்லாமல் அந்தப் பழைய கிளப் ரைஃபிளை, சீக் பீஸில் டேப் ஒட்டிய அதே ரைஃபிளை, எடுத்துப் பூட்டினார். 7.1 மில்லிமீட்டர். அதாவது 2.6. நடுவில் வைத்துச் சுட்டால் பத்துக்குப் பத்தும் 10தான். நான் வருஷக்கணக்காகக் குறை சொன்ன ரைஃபிள் அது. கொஞ்ச நேரம் என்னால் பேச முடியவில்லை.

அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். எனக்கு இந்த விளையாட்டில் யாரும் சொல்லித்தந்ததிலேயே இதுதான் பெரிய பாடம், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். டார்கெட்டில் விழும் சிதறலில் இரண்டு பங்கு உண்டு: ரைஃபிளின் சிதறல், சுடுபவரின் சிதறல். இவை இரண்டும் நேராகக் கூடுவதில்லை. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். மையத்திலிருந்து என் சராசரி விலகல் அப்போது 5 மில்லிமீட்டர் அளவில் இருந்தது. கிளப் ரைஃபிளின் விலகல் 0.9 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 5.08. புது ரைஃபிளின் விலகல் 0.5 என்றால் மொத்தம் 5.02 அல்லது 5.03. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. கால் மில்லிமீட்டருக்கு 0.1 புள்ளி என்ற கணக்கில் 60 ஷாட்டுக்கும் சேர்த்து ஒன்றரைப் புள்ளிகூட வராது. நான் தகுதி இழந்தது 4 புள்ளியில். அன்றைக்கு என் கையில் இந்த ரைஃபிள் இருந்து, அது எனக்குப் பழகியும் இருந்திருந்தால்கூட, நான் வெளியேதான் இருந்திருப்பேன்.

அதே தாளில் கீழே இன்னொரு கணக்கும் போட்டார். சுடுபவரின் விலகல் 2 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 605 பக்கம் சுடுகிற ஆள். இப்போது கிளப் ரைஃபிளோடு மொத்தம் 2.19, புது ரைஃபிளோடு 2.06. வித்தியாசம் 60 ஷாட்டில் 3 புள்ளி. அந்த உயரத்தில் 3 புள்ளி என்பது இறுதிச் சுற்றுக்குள் போவதற்கும் பார்வையாளர் வரிசையில் உட்காருவதற்கும் உள்ள தூரம். ஆக, விலை உயர்ந்த ரைஃபிள் வீண் என்று நான் சொல்லவில்லை. அதே ரைஃபிள் ஒருவருக்கு 3 புள்ளி, இன்னொருவருக்கு ஒன்றரைக்கும் குறைவு. உங்களுக்கு எவ்வளவு என்பதை வாங்குவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம்; ஒரு கிளாம்ப், ஒரு வெர்னியர், ஒரு மாலை நேரம், அவ்வளவுதான் செலவு.

அப்படியானால் விலை எதற்கு என்று கேட்டேன். “பொருத்தத்துக்கு” என்றார். நின்று சுடும்போது ரைஃபிளை எலும்புதான் தாங்க வேண்டும், தசை தாங்கக் கூடாது. முன்கை முழங்கை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். கன்னத்தை சீக் பீஸில் சும்மா சாய்த்தால் கண் தானாகவே பின் சைட்டின் துளைக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும். கழுத்தை அழுத்தியோ தூக்கியோ தேடினால் 20 ஷாட்டுக்குப் பிறகு கழுத்து நடுங்கும். மேட்ச் ரைஃபிளில் சீக் பீஸ் உயரம், தோளில் பதியும் பட் பிளேட்டின் நீளம், கோணம், கைப்பிடி, முன்கை வைக்கும் பிளாக், எடைக் கட்டிகள் என்று எல்லாவற்றையும் நகர்த்தலாம். பணம் அந்தத் திருகுகளுக்குத்தான் போகிறது. நானோ கெட்டுவிடும் என்ற பயத்தில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. என் உயரத்துக்கு பட் பிளேட் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் கூடுதலாக நீண்டிருந்தது. எட்டு மாதம், வேறு யாருடைய உடம்புக்கோ வைத்த அளவில் நின்று சுட்டிருக்கிறேன்.

அன்றைக்கே அவரும் நானும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சரி செய்தோம். முதலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார், வசதியாக இருக்கும் இடத்தில் ரைஃபிளை வைக்கச் சொன்னார், அப்புறம் கண்ணைத் திறக்கச் சொன்னார். சைட் எங்கே நிற்கிறதோ அதுதான் உன் உடம்பு காட்டும் இடம், அதை டார்கெட்டுக்குக் கொண்டுவரக் கையால் தள்ளாதே, காலை நகர்த்து என்றார். ட்ரிகரை 90 கிராமுக்கு ஏற்றினார். ஒவ்வொரு மாற்றத்தையும் பழைய அளவோடு நோட்டில் எழுதச் சொன்னார். அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு எதையும் மாற்றக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். நீங்களும் மாற்றினால் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது உதவியது என்று ஒருக்காலும் தெரியாது.

மீதி வேலை வீட்டில் நடந்தது. தினமும் 40 நிமிடம், பெல்லட் இல்லாமல், வெள்ளைச் சுவரைப் பார்த்து ட்ரை ஃபயர். டார்கெட் இல்லாததால் கண் ஆசைப்படாது. சைட் எப்படி அசைகிறது, ட்ரிகர் விடும் கணத்தில் எந்தப் பக்கம் குதிக்கிறது என்பது அப்பட்டமாகத் தெரியும். மேட்ச் ரைஃபிளின் பெல்லட் வேகம் நொடிக்கு சுமார் 170 மீட்டர்தான். பேரலை விட்டு அது வெளியே போகும் வரை நீங்கள் அசையாமல் இருக்க வேண்டும். நான் ட்ரிகரை விட்டதும் ஸ்கோர் பார்க்கத் தலையைத் தூக்கும் பழக்கத்தில் இருந்தேன். மூன்று வருடமாக அது எனக்கே தெரியாது. அந்த ஒரு பழக்கத்தை விட்டதில் கிடைத்த புள்ளி, எந்தக் கடையிலும் எனக்குக் கிடைக்கவில்லை. ஜாக்கெட்டும் ஷூவும் பற்றியும் சொல்ல வேண்டும். என் ஜாக்கெட் கிளப்பில் கடன் வாங்கியது, தோளில் தொளதொளவென்று இருக்கும். அளவெடுத்த ஜாக்கெட்டையும் தட்டையான அடிப்பாகம் வைத்த ஷூவையும் வாங்கியபோது முதுகு வலி பாதி போனது. ரைஃபிள் வாங்க நினைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஜாக்கெட் உங்களுடையதா என்றுதான்.

பழைய ரைஃபிள் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். நன்றாக வைத்திருந்த மேட்ச் ரைஃபிளின் பேரல் எளிதில் தேயாது. நான் ஒன்றைப் பார்த்துவிட்டு, யாரோ சுட்டது எனக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். என் ரைஃபிளில் பாதி விலைதான். இப்போது நினைத்தால் அதுதான் எனக்குச் சரியான ரைஃபிள். ஆனால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: காற்றுச் சிலிண்டரின் தேதி. 200 பார் அழுத்தம் தாங்கும் பாத்திரம் அது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 10 வருடம்தான் ஆயுள் என்கிறார்கள், தேதி சிலிண்டர் மேலேயே பொறித்திருக்கும். நான் போட்டிகளுக்கு உதவும் என்று இரண்டாவது சிலிண்டர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். விற்றவர் தேதியைப் பற்றி வாய் திறக்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஒரு போட்டியில் கருவிப் பரிசோதனை மேஜையில் அதைத் திருப்பிப் பார்த்த அதிகாரி, காலாவதியாகி 5 வாரம் ஆகிறது என்று தனியே எடுத்து வைத்துவிட்டார். முதல் சிலிண்டரில் அழுத்தம் இருந்ததால் தப்பித்தேன். ஆனால் முதல் 15 ஷாட் வரை கை நடுக்கம் போகவில்லை. இது போட்டி விதி மட்டுமில்லை, உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் பொருள். காலாவதியான சிலிண்டரில் காற்று நிரப்பவே கூடாது. பழைய ரைஃபிள் விலை பேசும்போது புது சிலிண்டரின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மேட் எம்மன்ஸ் என்ற அமெரிக்க வீரரைப் பற்றி அந்தப் பெரியவர்தான் சொன்னார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில மாதங்களுக்கு முன் அவருடைய ரைஃபிளை யாரோ சேதப்படுத்திவிட்டார்கள். அவர் இன்னொருவரிடம் கடன் வாங்கிய ரைஃபிளோடு போய் 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் தங்கம் வென்றார். இதைக் கேட்டதும், பார்த்தாயா ரைஃபிள் முக்கியமில்லை என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு: “அந்த மனுஷன் கையில எதைக் கொடுத்தாலும் அதைத் தன் உடம்புக்குத் திருப்பிக்கத் தெரிஞ்சவன்மா. நீ முதல்ல அதைக் கத்துக்கோ.”

ரைஃபிளை விற்றுவிடலாமா என்றும் விசாரித்தேன். எட்டு மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு விலை போய்விட்டிருந்தது. கடன் பாக்கி அதற்கு மேல். அதனால் வைத்துக்கொண்டேன். வருத்தமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். கடன் கட்டி முடிக்கும் வரை ஒவ்வொரு மாதமும் வலித்தது. இன்று என் 3 மாதச் சராசரி 581. இதில் ரைஃபிளின் பங்கு அதிகபட்சம் இரண்டு புள்ளி, மற்றது சுவரிலிருந்து வந்தது. 595ஐ நிலையாகத் தாண்டிய பிறகு இந்த ரைஃபிளை வாங்கியிருந்தால் சரியான வாங்கலாக இருந்திருக்கும் என்பது என் கணக்கு. அதற்கு முன்பே வாங்கத் தகுந்த சூழ்நிலை ஒன்று உண்டு: கிளப் ரைஃபிளை எப்படித் திருப்பினாலும் உங்கள் உடம்புக்குப் பொருந்தவில்லை, அல்லது உங்களுக்கு அது கிடைக்கும் நேரம் போதவில்லை. அப்போதும் நடுத்தர விலையில் எல்லாத் திருகும் உள்ள ஒன்றைத் தேடுங்கள், உங்கள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போய் நின்று பாருங்கள், அரை மணி நேரமாவது தூக்கிப் பிடித்துப் பாருங்கள்.

போன வாரம் எங்கள் ரேஞ்சில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி வந்து, “அக்கா, உங்க ரைஃபிள் மாதிரி வாங்கணும், அப்பா பணம் தர்றேன்னு சொல்லிட்டார்” என்றான். அவன் சராசரி 550. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் கேட்டிருக்கமாட்டான், நானும் கேட்டிருக்கமாட்டேன். என் ரைஃபிளை அவனிடம் கொடுத்து 20 ஷாட் சுடச் சொன்னேன், பட் பிளேட்டை அவன் தோளுக்கு நீட்டிக் கொடுத்தேன். சுட்டுவிட்டு ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டு நின்றான். இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவன் சுடுகிற கிளப் ரைஃபிளைக் கிளாம்பில் பூட்டப்போகிறோம். வெர்னியரை நான் எடுத்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.